வீட்டுக்கல்வி: அட்டவணையா, பிள்ளையின் போக்கா?

வீட்டிலேயே பிள்ளையைப் படிக்கவைக்க இரண்டு வழி: அட்டவணை போட்டு நடத்துவது, பிள்ளையின் போக்கில் விடுவது. அட்டவணை வழிக்கு அரசுப் பாடநூலே அடிப்படை. நாளுக்கு இரண்டரை மணி நேரம் போதும். ஒன்பது முதல் நாலு வரை பள்ளிக்கூடத்தையே வீட்டில் நடத்தப் பார்த்தால், சில வாரத்தில் அம்மாவும் பிள்ளையும் சலித்துப்போவார்கள்.

பிள்ளையின் போக்கில் விடுவதற்கு, நெல்லைப் பக்கம் தாமிரபரணிப் பாசன வயல்கள் பெரிய கொடை. பிசானப் பருவ நெல் நடவிலிருந்து வாரம் ஒருநாள் பத்துப் பயிரின் உயரத்தை அளந்து, சராசரி எடுத்து, கட்டத்தாளில் வரையச் சொல்லுங்கள். அறுப்புக்குள் வரைபடம் வாசிக்க வந்துவிடும். தை பிறந்தால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பறவை எண்ணலாம். நோட்டில் தேதி, இனம், எண்ணிக்கை கட்டாயம். ஆனால் பின்னமும் நீள்வகுத்தலும் வயலில் தானாக வராது, எழுத்தும் நழுவும். தினம் அரை மணி கணக்கு, ஒரு பக்கம் எழுத்து: இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பத்து வயது வரை இரண்டாவது வழியே மேல். 13-ல் அட்டவணைக்கு மாறுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) 14 நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தேற ஐந்து பாடம். தேர்வெழுத 5 ஆண்டுக்குள் 9 வாய்ப்பு, தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டாம். பதியுமுன் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் தலைப்பெழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள்.