கன்றுக்குக் காவல் யார்: நாய், கழுதை, லாமா, கொம்புள்ள மாடு – ஓர் ஒப்பீடு

காட்டு விலங்கும் தெருநாயும் மாட்டை ஒரே விதமாகத் தாக்குவதில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் காவல் விலங்கைத் தேர்ந்தெடுப்பதால்தான் பலரும் ஏமாற்றம் அடைகிறார்கள். ஓநாய் பசிக்காக வேட்டையாடுகிறது. மனித நடமாட்டம் உள்ள இடத்தை விட்டு விலகுகிறது. தெருநாய்க்கு மனிதனிடம் அச்சம் குறைவு. வயிறு நிறைந்திருந்தாலும் தன் முன்னால் ஓடும் எதையும் துரத்தும் இயல்பு அதற்கு உண்டு. இரண்டு நாய்கள் துரத்தத் தொடங்கினால் மற்றவையும் சேர்ந்துகொள்கின்றன. வால், காது, பின்னங்கால், மடி என்று எட்டிய இடத்தையெல்லாம் கடிக்கின்றன. கடிபடாத மாட்டுக்கும் தீங்கு நேர்கிறது: மிரண்டு ஓடிய சினைமாடு வேலியில் மோதும், சில சமயம் கன்று வீசும் (கரு சிதையும்); கறவை மாட்டின் பால் குறையும்.

ஆகவே தெருநாய்களை எதிர்கொள்ளும் காவல் விலங்கிடம் நாயைக் கொல்லும் வலிமையை நான் முதலில் தேட மாட்டேன். மந்தை சிதறி ஓடும் நேரத்தில் ஓடாமல் நிற்கிறதா, திரும்பி நாயை எதிர்கொள்கிறதா என்பதையே பார்ப்பேன். துரத்தல் அங்கே அறுந்துவிட்டால் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வமும் அறுந்துவிடும். கீழே உள்ள நான்கையும் இந்த அளவுகோலால்தான் எடைபோடுகிறேன்.

கூடுதல் செலவில்லாத வழி மந்தைக்குள்ளேயே இருக்கிறது. பலமுறை ஈன்ற, கொம்புள்ள, கன்றுக்காக முட்டத் தயங்காத பசுக்கள் பெரும்பாலான மந்தைகளில் சிலவாவது இருக்கும். கன்றுகளையும் கிடாரிகளையும் தனியே மேயவிட்டு, இந்த மூத்த மாடுகளை வேறிடத்தில் நிறுத்துவது பலர் செய்யும் பிழை. இளம் கால்நடைகள் மட்டும் இருக்கும் கூட்டம் நாயைக் கண்டதும் ஓடுகிறது. நடுவில் நான்கு மூத்த பசுக்கள் இருந்தால் நின்று வட்டம் கட்டுகிறது. எருமைகளுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அழுத்தமானது. வெனிசுவேலாவின் சமவெளிப் பண்ணைகளில் ஜாகுவாரின் தாக்குதலுக்கு எருமை மந்தைகள் மாட்டு மந்தைகளை விடக் குறைவாகவே இரையாகின்றன. கன்றுகளை நடுவில் விட்டு அவை சூழ்ந்து நிற்பதே அதற்குக் காரணம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள ஹோர்னாடா ஆய்வுப் பண்ணையில் 1980களில் செம்மறிக் குட்டிகளை மாடுகளோடு அடைத்துப் பழக்கினார்கள். பின்னர் அவை மேய்ச்சலிலும் மாடுகளை விட்டுப் பிரியாமல் நடந்து, கயோட்டி என்னும் ஓநாய் போன்ற சிறிய காட்டு விலங்குகளிடமிருந்து தப்பின. மாடே காவலாக முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இரவில் கட்டிப்போடப்பட்ட மாட்டால் எதையும் காக்க முடியாது; கொம்பு நீக்கிய மந்தையிலும் இந்த வழியின் பலம் பாதியாகிவிடும்.

அடுத்தது கழுதை. சிறிய, திறந்த, மேடுபள்ளம் குறைந்த மேய்ச்சல் நிலத்தில் ஒன்றிரண்டு நாய்கள் மட்டுமே வந்து தொல்லை கொடுக்கும் மாட்டுக்காரருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். நாயினத்தின் மீது கழுதைக்கு இயல்பாகவே வெறுப்பு உண்டு. யாரும் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. நாயைக் கண்டதும் காதை மடித்து, கத்திக்கொண்டே நேராக ஓடி, முன்னங்காலால் மிதிக்கவும் பின்னங்காலால் உதைக்கவும் பல்லால் கவ்வவும் முனையும். மாடு தின்னும் புல்லையே தின்கிறது, மாட்டுக்குப் போட்ட வேலியே அதற்கும் போதும். 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். நமீபியாவில் சிவிங்கிப்புலித் தொல்லை உள்ள மாட்டுப் பண்ணைகளில் ஈனும் மந்தையோடு கழுதை விடும் வழக்கம் இருக்கிறது. குட்டியோடு இருக்கும் பெட்டைக் கழுதையை அங்கே சிறந்த காவலாகக் கருதுகிறார்கள்.

தேர்வில் கவனம் தேவை. காயடிக்காத ஆண் கழுதை மாட்டையும் கன்றையும் துன்புறுத்தக்கூடும் என்பதால் பெட்டையோ காயடித்த ஆணோதான் பொருந்தும். குட்டை இனம் உதவாது. அதையே நாய்கள் கொன்றுவிடும். ஒரு மந்தைக்கு ஒரே கழுதை போதும், ஏனெனில் குட்டியில்லாத இரண்டு கழுதைகளை விட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒதுங்கி, மந்தையை மறந்துவிடும். மாடுகளோடு பிணைப்பு ஏற்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் ஈனும் காலத்துக்கு முன்பே கொண்டுவர வேண்டும். புதிதாகப் பிறந்த கன்றை அந்நியமாக எண்ணித் தாக்கும் கழுதைகளும் உண்டு. எனவே முதல் ஈற்றுக் காலத்தில் பக்கத்துத் தடுப்பில் நிறுத்தி, பார்க்கவும் முகரவும் மட்டும் விடுவது நல்லது. வாங்கும் முன் கயிற்றில் பிடித்த ஒரு நாயை அதன் பட்டிக்குள் நடத்திப் பாருங்கள். பின்வாங்கும் கழுதையைப் பின்னாளில் மாற்ற முடியாது.

கழுதை வைத்திருப்போர் பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று தீவனத்தில் இருக்கிறது. வளரும் மாடுகளின் தீவனத்தில் மோனென்சின் என்னும் மருந்தைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. மாட்டுக்கு அது உரிய அளவில் நன்மை செய்கிறது; கழுதையும் சேர்ந்த குதிரை இனத்துக்கோ இதயத் தசையைச் சிதைக்கும் நஞ்சு. உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போனாலே குதிரை இறக்கக்கூடும். மாட்டைக் கொல்ல இதைப் போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே மாட்டின் தொட்டியிலிருந்து கழுதையைத் தின்னவிடும் முன் தீவன மூட்டையின் சீட்டைப் படித்தே ஆக வேண்டும். அதிகச் சத்துள்ள தீவனமும் கழுதைக்குக் குளம்பழற்சியைத் தரும். குளம்பைச் சில வாரங்களுக்கு ஒருமுறை சீவிவிடவும் வேண்டும்.

கழுதையால் முடியாத இடம் எது என்றும் நேராகச் சொல்ல வேண்டும். ஐந்தாறு நாய்கள் கூடி, இரவில் புதர் மண்டிய நிலத்தில் புகுந்தால் ஒற்றைக் கழுதை தோற்கும். அது கண்ணாலும் காதாலும் காவல் காக்கும் விலங்கு; பார்வை மறைந்த நிலத்திலும், மாடுகள் வெகுதூரம் பிரிந்து மேயும் பெரிய நிலத்திலும் அதன் பயன் சுருங்கிவிடும்.

அந்த இடத்தில்தான் மந்தைக் காவல் நாய் தேவைப்படுகிறது. கிரேட் பிரனீஸ், மரெம்மா, காங்கல் போன்ற இனங்கள் நூற்றாண்டுகளாக இதற்காகவே வளர்க்கப்பட்டவை. வளர்ந்த நாய் பெரும்பாலும் 40 கிலோ இருக்கும். குரைப்பாலும் சிறுநீர் அடையாளத்தாலும் எல்லை வகுத்துவிடுவதால், பெரும்பாலான மோதல்கள் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. இரவில்தான் அதன் விழிப்பு கூடுகிறது. கூட்டமாக வரும் தெருநாய்களுக்கு எதிராக இரண்டு அல்லது மூன்று காவல் நாய்கள் சேர்ந்து நின்றால், நான் அறிந்தவரை வேறெந்த விலங்கும் அவற்றுக்கு ஈடில்லை.

ஆனால் ஆட்டு மந்தையில் எளிதாக நடக்கும் பழக்கம் மாட்டு மந்தையில் அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. நாயைக் கண்டால் முட்ட வேண்டும் என்பதே தாய்ப்பசுவின் இயல்பு. எட்டு வாரக் குட்டியை நேரே மந்தைக்குள் விட்டால் மிதிபட்டுச் சாகும். பால் மறந்த சாதுவான கன்றுகளோடு ஒரு சிறிய பட்டியில், குட்டி மட்டும் நுழைந்து தப்பும்படியான ஒரு மூலையை அமைத்து வளர்க்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மான்களிடமிருந்து மாடுகளுக்குக் காசநோய் பரவுவதைத் தடுக்கும் ஓர் ஆய்வில் காவல் நாய்களை மாடுகளோடு பழக்கினார்கள். தீவனத்தை நாடி வந்த மான்களை அவை விலக்கின. மாட்டோடும் இந்தப் பிணைப்பு சாத்தியம் என்பதை அது காட்டியது. இருந்தாலும் குட்டி நம்பகமான காவலாக முதிர 18 முதல் 24 மாதம் ஆகும். அந்தக் காலத்தில் கன்றோடு விளையாடி அதன் காதைக் கடிக்கும் குறும்பையும் கண்டித்துத் திருத்த வேண்டும். இன்று கன்று சாகிறது என்று நாளையே தீர்வு தேடுபவருக்கு இது விடையாகாது.

எதிரி தெருநாயாக இருப்பதால் வரும் தனிச் சிக்கலும் இருக்கிறது. காவல் நாயும் தெருநாயும் ஒரே இனம். கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் சுற்றுவட்டார நாய்களையெல்லாம் தானே வரவழைத்துவிடும். ஆண் நாயோ மந்தையை விட்டு வெளியே போய்விடும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய முடியாதவர் காவல் நாய் வளர்க்க முனையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தென் அமெரிக்காவின் ஒட்டகக் குடும்பத்து விலங்கான லாமாவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. காயடித்த ஓர் ஆண் லாமா மந்தையோடு விரைவில் ஒட்டும், புல்லே தின்னும், அந்நியரைக் கண்டால் உரத்த எச்சரிக்கைக் குரல் எழுப்பும், தனியாக வரும் நாயை விரட்டும். ஆனால் கூட்டமாக வரும் நாய்கள் லாமாவையே கொன்றுவிடுகின்றன. லாமா வளர்ப்போருக்கே நாய்தான் பெரிய பகை. அது வெப்பத்தையும் எளிதில் தாங்காது. ஆட்டுக்குப் பொருத்தமாக இருக்கலாம். தெருநாய்த் தொல்லையுள்ள மாட்டு மந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வாத்தும் கினிக்கோழியும் சத்தம் எழுப்பி மனிதரை எழுப்பும், அவ்வளவே.

எந்த விலங்கை வைத்தாலும் ஈன்ற இடத்தைச் சுத்தமாக வைக்காவிட்டால் காவல் வீணாகும். ஈன்ற மாட்டின் இளங்கொடியின் வாசனைதான் நாய்களை முதலில் இழுக்கிறது. எழுந்து நிற்கவும் முடியாத கன்று அருகிலேயே கிடக்கிறது. கொடி விழுந்ததும் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். காவல் நாயும் அதைத் தின்னக் கூடாது. நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி மாட்டில் கருச்சிதைவை உண்டாக்குகிறது. தொற்றுள்ள கொடியையோ வீசிய கன்றையோ தின்ற நாயின் சாணம் வழியாக அது மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் திரும்பி வருகிறது. கன்றைக் காக்க வைத்த நாயே அடுத்த ஈற்றின் கன்றை அழிக்கக் காரணமாகிவிடக் கூடாது.

மோதலுக்குப் பிந்திய காலைச் சோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. கழுதை, நாய் இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். இரவில் சத்தம் கேட்டிருந்தால் விடிந்ததும் காவல் விலங்கின் கழுத்து, கால், உதடு ஆகியவற்றையும், கன்றுகளின் காது, வால், பின்னங்கால் ஆகியவற்றையும் தடவிப் பார்க்க வேண்டும். ரோமத்துக்குள் மறைந்த சிறு பல்தடம் கண்ணுக்குத் தெரியாது. பல்தடம் அகப்பட்டால் கையுறை அணிந்து, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நோய் வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம். வெளிப்பட்ட பின் மருந்து இல்லை.