புதுச்சேரி ஒயிட் டவுனில் ‘பாரம்பரிய’ ஓட்டல் புக் பண்ணப் போகிறவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரி கடற்கரைக்குப் பக்கத்தில் பழைய பிரெஞ்சு வீட்டை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள், அழகாக இருக்கிறது என்று போட்டோவைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் ஓட்டல் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை, இந்த வேலையை எந்தப் பலகையை மாட்டிக்கொண்டும் செய்யலாம்.

போட்டோவில் மஞ்சள் சுவர், ஆளுயர மரச் சன்னல், உள்ளே முற்றம், கொசுவலை கட்டிய தேக்குக் கட்டில். ‘19-ஆம் நூற்றாண்டு மாளிகை, கடற்கரைக்கு இரண்டு நிமிட நடை’ என்று போட்டிருந்தது. வாடகை ஒரு இரவுக்கு 7,200 ரூபாய், வரியோடு முழுப் பணமும் முதலிலேயே கட்டிவிட வேண்டும். மாமியாருக்கு மூட்டு வலி. தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று போனில் கேட்டேன். “கண்டிப்பா மேடம், நோட் பண்ணிக்கிட்டேன்” என்றார்கள்.

சனிக்கிழமை மதியம் போய் இறங்கினோம். வரவேற்பில் இருந்த பையன் ஆளுக்கொரு எலுமிச்சை ஜூஸ் கொடுத்துவிட்டு, எங்கள் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினான். “ரூம் நம்ம அனெக்ஸ்ல இருக்கு மேடம், பக்கம்தான்.” ஆட்டோ பெரிய வாய்க்காலைத் தாண்டியது. ஊர் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். வாய்க்காலுக்குக் கிழக்கேதான் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த ஒயிட் டவுன், மேற்கே தமிழர் தெருக்கள். அந்தத் தெருக்களிலும் திண்ணையும் தாழ்வாரமுமாக அருமையான பழைய வீடுகள் உண்டு. அதில் ஒன்றைக் கொடுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆட்டோ போய் நின்றது ஒரு மூன்று மாடி கான்கிரீட் கட்டடத்தின் முன்னால். முகப்புக்கு மட்டும் மஞ்சள் பெயிண்ட், சன்னலுக்கு மேல் கல்யாண மேடைத் தெர்மாகோல் மாதிரி ஒரு வளைவு. அறை இரண்டாவது மாடியில். லிஃப்ட் எங்கே என்றேன்.

“ஹெரிடேஜ் ப்ராப்பர்ட்டி மேடம், லிஃப்ட் வைக்கப் பர்மிஷன் கிடையாது.”

அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்ப்பா, எங்க ஊரு எல்ஐசி ஆபீசே இதைவிடப் பழசா இருக்குமே?”

பணம் கட்டிய பிறகு வந்த மின்னஞ்சலின் அடியில், பொடி எழுத்தில், ‘அறைகள் பிரதான மாளிகையிலோ இணைக் கட்டடத்திலோ ஒதுக்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கிறதாம். அதைத்தான் மேனேஜர் காட்டினார். பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரி கிடையாது, ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. சுற்றுலா அமைச்சகம் ஒரு ஓட்டலைப் பாரம்பரிய வகையில் சேர்க்க வேண்டும் என்றால் கட்டடம் 1950-க்கு முன்னால் கட்டியதாக இருக்க வேண்டும். அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். “அப்ளை பண்ணியிருக்கோம் மேடம்.”

என் கணவர் சண்டை போட்டதில் ஞாயிற்றுக்கிழமை மாளிகைக்கே மாற்றினார்கள். சரி, விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். அங்கே கட்டிலுக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்குச் சுவர் உப்பிக்கொண்டு நின்றது. தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம். சுவரோரம் நாற்காலியில் மடித்துப் போட்டிருந்த அத்தையின் சேலை காலையில் வெள்ளைப் பொடியாக இருந்தது. உதறினால் சுவரிலிருந்து கொட்டிய உப்பு. அறை முழுக்க ஈர வாடை, அதை மறைக்க அடித்த லெமன்கிராஸ் வாசனை வேறு.

மேனேஜர் சிரித்துக்கொண்டே, “பழைய பில்டிங்கோட கேரக்டர் மேடம் அது” என்றார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். என் அப்பா சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்த ஈரத்தை மேல்பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். பூச்சும் சுண்ணாம்பாக இருக்கும் வரைதான் அது நடக்கும். அதன் மேல் சிமென்டைப் பூசி, பளபளவென்று எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், கூட வந்த உப்பு பூச்சைத் தள்ளிக்கொண்டு பூக்கும். கட்டியவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நேற்று ஆள் வைத்து சிமென்ட் பூசிவிட்டு இருநூறு வருஷத்தின் மேல் பழி போடுகிறார்கள். அதே வட்டாரத்தில் முறையாகச் சுண்ணாம்பு பூசிப் பராமரிக்கிற வீடுகளும் இருக்கின்றன, தடவிப் பார்த்தாலே தெரியும்.

கடற்கரைக்கு வருவோம். இரண்டு நிமிட நடை என்பது (மாளிகையிலிருந்து) பொய் இல்லை. ஆனால் விளம்பரத்தில் இருந்த தென்னையும் மணலும் அந்தக் கடற்கரை இல்லை. ஊருக்குள் இருப்பது கருங்கல் கொட்டிய கரை. 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு மணல் அரித்துப் போனது. அண்மையில் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டதில் தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகளைக் குளிக்க வைக்கலாம் என்று போகாதீர்கள். மற்றபடி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிடுவதால் கடற்கரைச் சாலையில் நடக்க அருமையாக இருக்கும். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் என்று அத்தை மூட்டு வலியை மறந்து நடந்தார். அதற்குக் காசு இல்லை.

கடைசியாக பில். அறை வாடகைக்கு ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. நாங்கள் 7,200-க்கு 360 ரூபாய் வரி சேர்த்து 7,560 கட்டியிருந்தோம். கிளம்பும்போது நீட்டிய பில்லில் ‘பாரம்பரியப் பராமரிப்புக் கட்டணம்’ என்று இரவுக்கு 600 ரூபாய். அதைச் சேர்த்ததும் 7,800 ஆகிவிட்டதாம், அதனால் மொத்தத்துக்கும் 18 சதவீதம், அதாவது 1,404. ஆக ஒரு இரவுக்கு 9,204. அறுநூறு ரூபாய் என்று தொடங்கியது 1,644-ல் வந்து நிற்கிறது. முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டு இப்படிப் பின்னால் ஏற்றுவதை, 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்துக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் வெளிப்படையாகத் தடை செய்கிறது.

சாப்பாட்டு பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-லேயே விதி வந்துவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இதைச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் அதைப் பில்லிலிருந்து அடித்துவிட்டார்கள். கேட்கிறவர்களுக்கு மட்டும் நீக்குகிறார்கள் என்று அர்த்தம்.

ஆகவே போகிறவர்கள் போனில் பேசி முடிக்காதீர்கள். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, வரியும் கட்டணமும் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கொடுக்கப் போகிற அறையை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், கட்டிலுக்குப் பின்சுவர் உட்பட. மழுப்பினால் வேறு இடம் பாருங்கள், அந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அங்கே தீராவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வழக்குப் பதியலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். 1915-ல் பதிந்த பிறகு பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். அதனால் ஏறிய வரியைக் கேட்டால் ‘அரசுக்குக் கட்டியாகிவிட்டது’ என்கிறார்கள். அதற்குத்தான் இப்போது திருச்சியில் மனு போடப் போகிறேன்.