விலை காதில் ஏறுகிறது, சந்தை ஏறவில்லை: கொரியச் செயலி ஒன்றோடு நீண்ட நாள்

நான் சந்தா கட்டிப் பயன்படுத்தும் கொரிய மொழிச் செயலி இப்போது பாதி விலைக்கு வந்திருக்கிறது. நான் இருக்கும் தென் கொரிய நகரமான சூவோனுக்கு மேற்படிப்புக்காக வரவிருக்கும் நண்பர், வாங்கலாமா என்று கேட்டார். கடையில் எண்ணி, விலை கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும் என்கிறார். நானும் அதற்காகத்தான் வாங்கினேன். எனவே எண்கள் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹங்குல் என்னும் கொரிய எழுத்துகளைச் செயலி நன்றாகவே சொல்லித் தருகிறது. எரிச்சல் அதற்கு அப்புறம்தான்.

கொரியனில் எண்கள் இரண்டு வரிசை. ஹனா, துல், செத், நெத் என்பது நாட்டு வரிசை. இல், இ, சாம், சா என்பது சீனத்திலிருந்து வந்தது. பொருளை எண்ண முதலாவது, விலை சொல்ல இரண்டாவது. மணி சொல்லும்போது இரண்டும் ஒரே மூச்சில் வரும்: மூன்று முப்பது என்றால் ‘செ ஷி சாம்ஷிப் புன்’. மணிக்கு நாட்டு எண், நிமிடத்துக்குச் சீன எண். செயலியோ ஒரு வரிசையை ஓரிடத்திலும் மற்றதைப் பல பாடம் தள்ளியும் வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சந்திக்க விடுவதே இல்லை. பழக்கடைக்காரர் சொல்வதோ ‘செ கேயே ஓச்சொன் வொன்’, அதாவது மூன்று பழம் ஐயாயிரம் வொன் (கொரிய நாணயம்). அந்த ஒரு வரிக்குள் இரண்டு வரிசையும் இருக்கிறது. சந்தாக்காரனுக்கு இதைச் சொல்லித் தராமல் ‘எனக்கு இருபது வயது’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

எண்ணுக்குப் பின்னால் வரும் அளவுச் சொற்கள் இன்னும் மோசம். பொதுவான பொருளுக்குக் ‘கே’, ஆளுக்கு ‘மியங்’, அதோடு பாடம் முடிந்தது. சூவோனில் பல்தல்முன் கோட்டை வாசல் பக்கம் மொத்கோல் சந்தைக்குப் போனால் மீன் ‘மாரி’யில் வரும். கானாங்கெளுத்தி மட்டும் இரண்டிரண்டாக, ‘சோன்’ கணக்கில். முட்டை ஒரு ‘பான்’ என்றால் முப்பது. பூண்டு ஒரு ‘ஜொப்’ என்றால் நூறு. ‘குன்’ என்ற எடை இறைச்சிக்கு 600 கிராம், காய்கறிக்கு 400 கிராம்! இவை எதுவும் எந்தப் பாடத்திலும் இல்லை.

நியாயமாகப் பேசினால், விலையைக் காதில் கேட்டுப் பிடிக்கும் பயிற்சி அபாரம். மூவாயிரமும் நாலாயிரமும், அதாவது ‘சாம்ச்சொன்’, ‘சாச்சொன்’ இரண்டும், வெவ்வேறு குரலில், நிஜக் கடையின் வேகத்திலேயே வருகின்றன. ஆயிரத்துக்கு முன்னால் ‘இல்’ சேர்க்காமல் வெறும் ‘ச்சொன் வொன்’ என்பதும் கேட்டுக் கேட்டே பழகிவிடுகிறது. பத்தாயிரம் தாண்டினால் எல்லாம் ‘மான்’ கணக்கு. விலைச் சீட்டில் 150,000 என்று மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி இருக்கும், வாய் ‘ஷிபோ மான்’ என்று பதினைந்து பத்தாயிரமாகச் சொல்லும், நம் மனமோ ஒன்றரை லட்சம் என்று தனியாக ஓடும். சீட்டைக் காட்டிச் சத்தமாகச் சொல்லச் சொல்லும் பகுதி இந்த மூன்றையும் ஒன்றாக இணைத்துவிட்டது. பேருந்தில் உட்கார்ந்து இதை விளையாட்டாகச் செய்வது எனக்கு இப்போதும் பிடிக்கும்.

ஆனால் அந்தத் திறமையைக் காட்ட இடம் எங்கே இருக்கிறது? பெரிய கடைகளில் விலை திரையில் தெரிகிறது. பல உணவகங்களில் ஆர்டரே தொடுதிரை எந்திரத்தில்தான். ‘போங்து’, அதாவது பை, வேண்டுமா என்ற கேள்வியைத் தவிர நம்மிடம் யாரும் பேசுவதில்லை. வாய் திறந்து பேரம் பேசும் இடம் சந்தைதான். அந்தச் சந்தைதான் செயலியில் இல்லை.

நண்பரிடம் பாதி விலைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இலவசப் பகுதியில் எழுத்து படித்துக்கொண்டு, வந்திறங்கியதும் சந்தைக்குப் போய் ‘ஒல்மாயேயோ’ என்று விலை கேட்கச் சொன்னேன். கால்குலேட்டரில் அடித்துக் காட்டுவார்கள். அதைப் பார்ப்பதற்கு முன் காதால் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.