யாவாரியா, லியம்பாவா?

ஏரியில் ஓடிய பழைய பயணக் கப்பல் என்றால் எனக்கு இரண்டுதான்: பெருவின் டிட்டிகாக்கா ஏரியில் யாவாரி, டான்சானியாவின் டாங்கனீக்கா ஏரியில் லியம்பா. இரண்டையும் ஐரோப்பாவில் செய்து, கழற்றி, துண்டு துண்டாகத்தான் கொண்டுபோனார்கள்.

லியம்பா ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் 1913-ல் உருவானது, சுமார் 5,000 பெட்டிகளில் தார் எஸ் சலாம் போய், ரயிலில் ஏரிக்கரை ஊரான கிகோமா சேர்ந்தது. ரயில் இருந்தது, சரி. யாவாரிக்கு அந்த வசதி பெருவின் டாக்னா நகரம் வரைதான். அப்புறம் கோவேறு கழுதைகள் முதுகில் ஆண்டிஸ் மலையேறி, 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏரிக்கரை ஊரான பூனோ வரை. 1862-ல் லண்டனில் செய்த கப்பல் 1870 கிறிஸ்துமஸ் அன்றுதான் தண்ணீரைத் தொட்டது! நிலக்கரி கிடைக்காத அந்த உயரத்தில் லாமா என்ற ஒட்டக இன விலங்கின் காய்ந்த சாணத்தை எரித்தே நீராவி உண்டாக்கினார்கள், 1914-ல் எண்ணெய் எஞ்சின் வரும்வரை.

ஆனால் உயிர் பிழைத்த கதையில் லியம்பாதான் ஒரு படி மேல். முதல் உலகப் போரின்போது, 1916-ல், எதிரி கையில் சிக்கக்கூடாது என்று ஜெர்மானியரே அதை மூழ்கடித்தார்கள், அதற்கு முன் எஞ்சினுக்கு நன்றாகக் கிரீஸ் பூசி வைத்தார்கள். 1924-ல் ஆங்கிலேயர் மேலே எடுத்தபோது எஞ்சின் கெடவில்லை. 1927-லிருந்து பல பத்தாண்டுகள் ஏரிக்கரை ஊர்மக்களை ஏற்றிச் சென்றது. யாவாரியோ பூனோவில் அருங்காட்சியகமானது.

கட்டிய பாடு என்றால் யாவாரி, மக்களுக்கு உழைத்தது என்றால் லியம்பா. என் ஓட்டு லியம்பாவுக்கே.