இரு நபர் ஜாமீனா, சொந்தப் பிணையா?

நாட்டின் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள் என்று 2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காதவர்களும் உண்டு.

வழக்கமான முறையில், சொத்து அல்லது வருமானத்துக்குச் சான்று காட்டக்கூடிய இருவர் நீதிமன்றத்துக்கு வந்து பொறுப்பேற்க வேண்டும். முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம், பாளையங்கோட்டைச் சிறையில் இருக்கும் மகனுக்காக அத்தகைய இருவரை எங்கே தேடும்? 1978இல் மோதிராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் கீழமை நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும், ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி அவரை ஏற்க மறுத்ததையும் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனம் இன்றும் பொருந்துகிறது என்பதே வருத்தம்.

சொந்தப் பிணையில் கைதியின் உறுதிமொழிப் பத்திரமே போதும். ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைத் தர இயலாதவரை வறியவராகக் கருதி இவ்வாறே விடுவிக்க வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆம் பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாதவிடத்து, உச்சபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது 479ஆம் பிரிவு. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது.

தலைமறைவாகிவிடுவார் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் ஒருவரை ஊரில் நிறுத்துவது குடும்பமும் தொழிலும்தான். முன்பின் அறியாத ஜாமீன்தாரரின் கையெழுத்து அன்று. சாட்சிகளை மிரட்டும் வாய்ப்புள்ள கடுமையான வழக்குகளில்கூட, ஜாமீன்தாரரைவிடக் காவல் நிலையத்தில் கையெழுத்திடும் நிபந்தனையே அதிகம் உதவும்.