நோட்டீஸ் வந்த வீட்டுக்கு வேலை செய்யும் கீழக்கரை கொத்தனார் குழு: எப்படி இருக்கிறது?

எங்கள் பழைய வீட்டுக்கு நகராட்சி நோட்டீஸ் வந்தது, மழைநீர் சேகரிப்பு இல்லை, தெருப்பக்க பால்கனி ஆபத்தாக இருக்கிறது என்று இரண்டு குறை. முதலில் ஒருவர் தானாகவே வந்து "சீல் வச்சிடுவாங்க" என்று பயமுறுத்தி அட்வான்ஸ் கேட்டார், எதுவும் கொடுக்காமல் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

இந்தக் குழு அப்படியில்லை. வரைபடம் போடும் இன்ஜினியர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள், நோட்டீஸ் வந்தவர் அங்கே போகும்போது இவர்கள் நம்பர் கிடைக்கிறது. நேர்மையாக வேலை பிடிக்க இதுதான் சரியான வழி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் செய்யலாம். நோட்டீஸை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாக ரேட் எழுதிக் கொடுத்தார்கள். பதில் மனுவோடு வைக்க, வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோவும் எடுத்தார்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதலே கட்டாயம் என்பதை அவர்கள் சொல்லித்தான் வீட்டில் பலருக்குத் தெரிந்தது.

பால்கனி வேலைதான் அருமை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கி கான்கிரீட் பிளந்திருந்தது, மேலே பூசி மறைக்காமல் நல்ல கம்பி தெரியும்வரை கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்த பிறகுதான் கலவை போட்டார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் கலவைக்கு டேங்கர் தண்ணீர்.

கடலை ஒட்டி, கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அனுமதியில்லாமல் கட்டியதைக் கொத்தனார் வேலையால் சரிசெய்ய முடியாது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் நேராகவே சொல்லி, அந்த வேலையை எடுக்கவில்லை.

ரேட் கொஞ்சம் அதிகம். இடித்த குப்பையை அள்ளத் தாமதம், அதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள்.