கார் சீட் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

கைக்குழந்தைக்கு கார் சீட் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோவையில் எங்களுக்கு நடந்தது.

மகளுக்கு அப்போது எட்டு மாதம், எடை 7.6 கிலோ. மொட்டை போடப் பழனிக்குப் புறப்படும் முன், குழந்தைப் பொருட்கள் விற்கும் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். பெட்டியில் பெரிதாக ‘0 – 12 வயது’ என்று இருந்தது. "ஒரே சீட்டுங்கக்கா, பன்னெண்டு வயசு வரைக்கும் கவலையே இல்லீங்க. இல்லாமப் போனா போலீஸ் ஆயிரம் ரூபா ஃபைன் போடுவாங்க" என்றார் விற்பவர். ஃபைன் உண்மைதான், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 194பி என்று ஒரு பிரிவே இருக்கிறது. ஆனால் பாப்பா எத்தனை கிலோ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சின்னக் குழந்தை பின்பக்கம் பார்த்துத்தானே உட்காரணும்?" என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் வெளிநாட்டுலங்க. ரோட்டைப் பாத்துட்டு வந்தாத்தான் பாப்பா அழாது" என்று அவரே காரில் மாட்டியும் கொடுத்தார். 9,500 ரூபாய்.

உடுமலை தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது. கணவர் பிரேக் போட்டார், பெரிய வேகம்கூட இல்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலை முன்னால் போய் நெஞ்சில் இடித்துத் திரும்பியது. அடி எதுவும் இல்லை. மிச்ச தூரம் முழுக்க நான் அவள் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டே வந்தேன்.

வீடு திரும்பியதும் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அந்த ‘0 – 12 வயது’ அச்சடித்தது இல்லை, மேலே ஒட்டிய ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். அடியில் ‘9 – 36 கிலோ’. சீட்டின் முதுகில் இருந்த ஆரஞ்சு நிற லேபிளிலும் அதேதான். அது முன்பக்கம் பார்த்து மட்டுமே மாட்டக்கூடிய சீட். என் மகள் ஒன்பது கிலோவே இல்லை.

பச்சைக் குழந்தைக்கு உடம்பை வைத்துப் பார்த்தால் தலை ரொம்பக் கனம், கழுத்தெலும்பு இன்னும் முழுசாக இறுகியிருக்காது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், வண்டி முட்டும்போது வரும் வேகத்தைச் சீட்டின் முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். முன்பக்கம் பார்த்தால் அத்தனையும் கழுத்துக்குத்தான். குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பாவின் புதிய ஆர்129 விதி 15 மாதம் ஆகும்வரை முன்பக்கம் திருப்பவே கூடாது என்கிறது. அதற்குப் பிறகும் சீட் தாங்கும்வரை அப்படியே விடுவதுதான் நல்லது.

ஆகவே வயதைக் கேட்டு வாங்காதீர்கள், குழந்தையை எடை போட்டுவிட்டுப் போங்கள். அதற்கு முந்தைய ஐரோப்பிய விதியான ஆர்44 லேபிள் உள்ள சீட்டுகளில், பிறந்ததிலிருந்து 13 கிலோ வரை பின்பக்கம் பார்ப்பது, 9 முதல் 18 வரை தோள்பட்டை வாருடன் முன்பக்கம் பார்ப்பது, 15 முதல் 36 வரை குழந்தையை உயர்த்தி உட்காரவைத்து காரின் பெல்ட்டையே போடும் பூஸ்டர் என்று பிரித்திருப்பார்கள். எடை குறைவாக இருந்தாலும், தலை சீட்டின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டால் அந்தச் சீட் சிறிதாகிவிட்டது. பூஸ்டரில் பெல்ட் கழுத்தில் உரசக் கூடாது, கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில், பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள்.

கடைக்குத் திரும்பப் போனோம். பெட்டி பிரித்தாயிற்று, திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். சுரண்டிய ஸ்டிக்கரைக் காட்டியதும் முதலாளி, "கம்பெனிக்காரங்க ஒட்டினதுங்க" என்று முடித்துவிட்டார். பில், ஸ்டிக்கர், லேபிள் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்து, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. மகளுக்கு வேறு இடத்தில், 13 கிலோ வரை தாங்கும் பின்பக்கம் பார்க்கும் சீட் வாங்கிவிட்டோம்.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். வாசல் பக்கமே அதே பெட்டிகள் மூன்று. மூன்றிலும் அதே ஸ்டிக்கர்.